கோரிக்கை எண் ஏழு

காளவாசல் சிக்னலைப் பார்த்த இரும்புக் கடை,
அதன் மாடியில் எங்கள் சங்கம்.
டெல்லிக்குப் போகிற மனுவை
மூன்றாம் முறையாக அடித்துக்கொண்டிருந்தேன்.
'மாண்புமிகு'வில் இப்போதெல்லாம் விரல் இடறுவதில்லை.

பூமிராஜ் உட்காராமலே சொன்னார்:
"மேலூர்ப் பக்கம் தொகுப்பு வீடு நாப்பது.
முடிச்சுக் குடுத்து பதினாலு மாசம், பில்லு வரல.
டெல்லிப் பணம், டெல்லிப் பணம்ங்கிறாங்க.
வீட்ல அவ தாலிக்கொடி
திருமங்கலத்து அடகுக்கடையில கெடக்கு."
தலைவர் அழகுமலை கையமர்த்தினார்.
"நடைமுறை மூலதன நெருக்கடின்னு போடும்மா."
போட்டேன்.
ஒரு தாலிக்கொடிக்கு மூன்று சொல் போதுமாயிருந்தது.

வைகை மணல் பற்றி ஒரு வரி இருந்தது.
"ஆறு வேணாம், வம்பு" என்றார்.
ஆற்றை எடுத்தேன்.
அதற்கு ஒரு பொத்தான்தான்.

தேர்தல் நிதி என்று பேச்சு திரும்பியதும்
என்னை டீ வாங்கி வரச் சொன்னார்கள்.
கடை எதிரில்தான்.
நான் திரும்பி வந்தும் கதவு சாத்தியே இருந்தது.
டீயில் ஆடை படிகிறவரை
படியில் நின்றேன்.

ஏழாவது கோரிக்கை: கூலி உயர்வால் நட்டம்.
"சித்தாளுக்கு இப்ப என்ன குடுக்குறோம்?"
"ஐநூத்தம்பது" என்றார் பூமிராஜ்.
"தொள்ளாயிரத்தம்பதுன்னு போடு.
பாதியாக் கொறச்சுத்தான் நம்புவான் டெல்லிக்காரன்."
ஜன்னலுக்குக் கீழே
வேலை கிடைக்காத ஏழெட்டுப் பேர்
தூக்குவாளியோடு
இன்னும் கலையாமல் நின்றார்கள், பத்து மணி வெயிலில்.
தொள்ளாயிரத்து ஐம்பது என்று
எண்ணாலும் எழுத்தாலும் அடித்தேன்.

இரண்டு ராத்திரி ரயில்.
இரண்டு நாள் விருந்தினர் விடுதி.
அமைச்சர் கொடுத்தது ஏழு நிமிஷம்,
அதில் சால்வைக்கும் போட்டோவுக்கும் நாலு.
மீதியைப் பொருளாளர் ஷாகுல் வந்து சொன்னார்:
தாளைப் புரட்டாமலே கேட்டாராம் அமைச்சர்,
"உங்கள் ஊரில் சித்தாளுக்கு என்ன கூலி?"
மொழிபெயர்த்தவர் வாயை மூடுமுன்
பின்வரிசையிலிருந்து பூமிராஜ்,
பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி எழுந்து,
"ஐநூத்தம்பதுங்கய்யா."

அமைச்சர் ஓரத்தில் ஏதோ குறித்தாராம்.
திரும்பி வரும்போது நாக்பூர் வரை
பூமிராஜிடம் யாரும் பேசவில்லை.
அதற்கப்புறம் புளியோதரை மட்டும் நீட்டினார்களாம்.

பதில் வந்தது, நாலு மாதம் கழித்து.
பரிசீலனையில் உள்ளது.
அசோகச் சக்கர முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது.
தலைவர் அதற்குச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்.
"பழைய தாளையெல்லாம் எடைக்குப் போட்டுரும்மா."
போட்டேன்.
கட்டில் எந்தத் தாளை மேலே வைத்தேன் என்பதை
யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் இருக்கும். காலை ஏழரை.
செக்கானூரணி பஸ்ஸில் வந்து நிற்கிற ஒச்சம்மாள்
பருப்பு வடையைப் பாதி தின்றுவிட்டு
வடை மடித்த தாளை விரித்துப் படிக்கிறாள்.
எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்,
எண் என்றால் ஒரே பார்வை.
அன்றைக்கு ஆள் எடுக்க வந்தது பூமிராஜ்.

"ஆறு பேர் வேணும், மேலூருக்கு, ஐநூத்தம்பது."
ஒருத்தியும் சட்டியை எடுக்கவில்லை.
"தொள்ளாயிரத்தம்பதுல்ல எங்க கூலி?
அம்புட்டு குடுத்து நொடிச்சுப் போனோம்னு
டெல்லிக்கே எழுதிருக்கீகளே."
ஒச்சம்மாள் தாளை நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார்.
எண்ணெய் ஊறி
தாளின் அந்தப் பக்கத்து எழுத்தும்
இந்தப் பக்கம் தெரிந்தது:
நடைமுறை மூலதன நெருக்கடி,
தலைகீழாக.

சிக்னல் இரண்டு தரம் மாறியது.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.
பூமிராஜ் தாளை எட்டாக மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

நான் ஜன்னலைச் சாத்தவில்லை.